வடிவாப் பார்

போனின் செட்டிங்ஸுக்குள் போய் டிஸ்பிளே, பிறகு ஸ்கிரீன் மோட் என்று தேடிப் பாருங்கள். சாம்சுங் போன் என்றால் பெரும்பாலும் இரண்டு தெரிவுகள் இருக்கும்: ஒன்று விவிட், மற்றது நச்சுரல். பிக்சல், ஷாவ்மி போன்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும், சங்கதி ஒன்றுதான். ஐபோனில் இந்தத் தெரிவு இல்லை, அப்பிள் தானே ஒன்றை முடிவுசெய்து தந்துவிடுகிறது. என் சிநேகிதர்களில் பலருக்கு இப்படி ஒரு இடம் தங்கள் போனில் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் நச்சுரலை ஒருக்கால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சீ, என்னப்பா செத்துப்போன கலர்" என்று திரும்ப விவிட்டுக்கு ஓடிவந்தவர்கள்.

அந்தச் செத்துப்போன கலருக்காகக் கொஞ்சம் வழக்காடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், போனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு படம் போனுக்குள் நிறமாக இல்லை, இலக்கங்களாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று இலக்கங்கள், வழமையாக 0 தொடக்கம் 255 வரை. சிவப்பு 255, மற்ற இரண்டும் 0 என்றால் அது முழுச் சிவப்பு. சரி, ஆனால் எந்தச் சிவப்பு? செவ்வரத்தம்பூவா, குங்குமமா, சி.ரி.பி. பஸ்ஸா? இலக்கம் மட்டும் அதைச் சொல்லாது. 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து இதற்கு ஒரு பொது அளவை முன்வைத்தன. எஸ்ஆர்ஜிபி என்று பெயர். 1999இல் அது சர்வதேசத் தரமாகியது. அந்தக் காலத்துப் பெட்டி மொனிட்டர்களால் எவ்வளவு நிறத்தைக் காட்ட முடிந்ததோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் எல்லை. இணையத்தில் நாங்கள் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த அளவை நம்பித்தான் இருக்கின்றன.

2010இல் சாம்சுங் முதலாவது கலக்ஸி எஸ் போனை அமோலெட் திரையோடு விட்டது. பழைய மொனிட்டர்களைவிட ஆழமான சிவப்பையும் பச்சையையும் காட்டக்கூடிய திரை அது. படம் 255 என்று கேட்பது பழைய மொனிட்டரின் சிவப்பை. போன் அதை மொழிபெயர்க்காமல் தன்னிடம் உள்ள உச்சச் சிவப்பையே கொட்டினால்? அம்மா "ஒரு கரண்டி தூள் போடு" என்கிறா. அவ நினைத்தது தேக்கரண்டி, நீங்கள் எடுத்தது அகப்பை. கறி நல்ல சிவப்பாக இருக்கும். ஆனால் அம்மா சொன்ன கறி அது இல்லை.

விவிட் என்பது அடிப்படையில் அந்த அகப்பைதான். நச்சுரல், கரண்டி எது என்று கேட்டு அளந்து போடுவது. அன்ட்ரொயிட்டுக்கு இப்படி அளந்து போடுகிற பழக்கம் வந்ததே 2017இல், எட்டாவது பதிப்பில்தான். அதுவரைக்கும் பெரும்பாலான போன்களில் எல்லாக் கறிக்கும் அகப்பைதான்.

நிறத்தை ஏற்றுவது ஒரு பாதி. மற்றப் பாதி வெள்ளையில் நடக்கிறது. விவிட்டில் வெள்ளை கொஞ்சம் நீலம் பாய்ந்து இருக்கும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்த்த பிறகு வாளித் தண்ணீரில் நீலம் கலந்து அலசுவார்களே, அதே வேலை. சட்டையில் ஊறின மஞ்சள் போவதில்லை. நீலம் அதை அமுக்கிவிட, கண் "நல்ல வெள்ளை" என்று நம்பிவிடுகிறது. நச்சுரலுக்கு மாற்றின உடனே திரை மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். புதிதாக மஞ்சள் எதுவும் ஏறவில்லை, போட்டிருந்த நீலம் கழன்றிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அந்த வெள்ளைக்குப் பழகிவிடும்.

இதைக் கம்பனிக்காரர் எங்களை ஏமாற்றின கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் கேட்டது நாங்கள். 2017இல் கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் போனைக் கொண்டுவந்தபோது, நிறங்களை எஸ்ஆர்ஜிபி அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியாக அமைத்து விட்டது. வாங்கியவர்கள் பலர் கொதித்தார்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கின போனில் கலர் செத்துக் கிடக்கிறது என்றார்கள். சில கிழமைக்குள் கூகுள் "சச்சுரேற்றட்" என்று இன்னொரு தெரிவை அப்டேற்றில் கொடுக்கவேண்டி வந்தது. 2024இல் கலக்ஸி எஸ்24 வந்தபோதும் இதே கதை. விவிட்டிலேயே கொஞ்சம் கடுமையைக் குறைத்திருந்தார்கள். முறைப்பாடு கிளம்பியது. அடுத்த மாதமே நிறத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு இழுவைக் கோடு அப்டேற்றில் வந்தது.

போனுக்கு முந்தியும் இப்படித்தான். 1990இல் ஃபுஜி நிறுவனம் வெல்வியா என்ற பிலிமைக் கொண்டுவந்தது. காட்டையும் மலையையும் உள்ளதைவிடப் பச்சையாகக் காட்டும் பிலிம், இயற்கைக் காட்சி எடுக்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ரீவி கடைக்குப் போனால் அங்கே ஓடுகிற ரீவி எல்லாம் உச்சக் கலரில்தான் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் கடுங்கலரின் பக்கம்தான் சாயும் என்று விற்கிறவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஞாபகத்தோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1960இல் பார்ட்டில்சன் என்ற ஆய்வாளர், பழகின பொருட்களின் நிறத்தை ஆட்கள் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். புல்லை உள்ளதைவிடப் பச்சையாகவும் வானத்தை உள்ளதைவிட நீலமாகவும்தான் நினைவு வைத்திருந்தார்கள். ஆக விவிட் திரை கடலைக் காட்டும்போது, நாங்கள் கண்ட கடலை விட்டு, நினைவில் வைத்திருக்கிற கடலைக் காட்டுகிறது. புலம்பெயர்ந்து இருக்கிற எங்கட ஆட்கள் ஊர்ப் படத்துக்குக் கீழே "என்ன பச்சை!" என்று எழுதுகிறபோது எனக்கு இது ஞாபகம் வரும்.

அப்ப என்ன பிரச்சினை? வடிவாக இருக்கிறதைப் பார்ப்பது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமில்லை. படம் பார்க்கிறீர்கள், கேம் விளையாடுகிறீர்கள் என்றால் விவிட்டில் எந்தக் கேடும் இல்லை. மத்தியான வெயிலில் பஸ் ஸ்ராண்டில் நின்று போனைப் பார்த்தால், வெயில் திரையில் பட்டு எல்லா நிறத்தையும் வெளிறப் பண்ணிவிடும். அந்த நேரம் கொஞ்சம் கூடின கலர் உதவிகூடச் செய்யும். உங்கட கண், உங்கட திரை.

இரண்டு பேருக்கு இடையில் நிறம் ஒரு தகவலாகப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

புடவைக்கடையில் நின்று ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கு வீடியோ கோலில் சீலை காட்டியவர்களுக்கு இது தெரியும். நீங்கள் கையில் பிடித்திருப்பது அரக்கு. அவள் சொல்லுவாள், "ரோசாக் கலரா கிடக்கு, வேண்டாம்." மாந்துளிரைக் காட்டினால், "உது செம்மஞ்சள் எல்லோ" என்பாள். கடை லைற் ஒரு நிறம், கமரா அதைத் தன்பாட்டில் திருத்துகிறது, வீடியோ சுருங்கிப் போகிறது, கடைசியில் அவளுடைய திரை தன்னுடைய பங்குக்கு ஒரு அகப்பை போடுகிறது. சீலையை கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டினால் பாதிச் சண்டை தீரும். மற்றப் பாதிக்கு அவள் செட்டிங்ஸுக்குள் போகவேண்டும். ஆனால் சீலை பிழைத்தால் மாற்றலாம், தங்கைக்குக் கொடுக்கலாம். மனிதரின் நிறம் அப்படி இல்லை.

போன வருசம் அம்மம்மா காலமானா. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை என்று பக்கம் அமைக்கிற வேலையும் படம் தெரிகிற வேலையும் என்னிடம் வந்தது. ஸ்ரூடியோவில் எடுத்தது என்று அம்மம்மாவுக்கு இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மற்றது, சொந்தத்தில் ஒரு சாமத்திய வீட்டில் யாரோ போனில் எடுத்தது. அரக்குச் சீலை, நெற்றியில் திருநீறு, பின்னால் மண்டபத்துச் சோடனை. சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கப்போகிற முகம். அதுதான் முன்பக்கத்துக்கு என்று படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

லண்டனிலிருந்து மாமா எழுதினார், "ஏன் அம்மா இப்பிடிச் சிவந்துபோய்க் கிடக்கிறா? காய்ச்சல்காரி மாதிரி."

ரொறன்ரோவிலிருந்து சித்தி, "இஞ்ச நல்லாத்தானே அண்ணா கிடக்கு."

அம்மா தன்னுடைய பழைய போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாம்பல் பூத்த மாதிரிக் கிடக்கு பிள்ளை. வேற படம் இல்லையே?" என்றா.

எல்லோரும் பார்த்தது ஒரே கோப்பு. ஒரே இலக்கங்கள். மாமாவின் போன் விவிட்டில் இருந்தது, கேட்டு உறுதிசெய்தேன். நிறத்தைக் கூட்டும்போது எங்கட தோலின் நிறம் சிவப்புப் பக்கமோ செம்மஞ்சள் பக்கமோதான் ஓடும். சித்தியினது ஐபோன். அம்மாவினது விலை குறைந்த பழைய எல்சிடி திரை, எல்லாவற்றையும் ஒரு சுற்று வெளிறக் காட்டும். மூன்று நாட்டில் மூன்று அம்மம்மா இருந்தா.

வாதத்தை முடிக்கிறதுக்காகப் பாரிஸில் இருக்கிற மச்சான் ஒருவர் படத்தை ஒரு அப்பில் போட்டுத் திருத்தி அனுப்பினார். முகம் நன்றாக வெளுத்து, சுருக்கங்கள் போய், கன்னத்தில் ஒரு மினுக்கம். குழுவில் வரிசையாக இதயங்கள் விழுந்தன. "இப்பத்தான் வடிவு" என்று மாமி எழுதினா. அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தா.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா இது ஆர்?"

அச்சகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்த அண்ணா முதலிலேயே சொல்லிவிட்டார், "தங்கச்சி, போனைப் பாத்துக் கலர் சொல்லாதேங்கோ. ஒரு தாள் அடிச்சுத் தாறன். வீட்ட கொண்டுபோய் வெளிச்சத்தில வைச்சுப் பாருங்கோ." திரை தானே ஒளிவிடும். தாள், தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அச்சில் இருப்பது சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. போனில் மின்னுகிற சில பச்சைகளும் நீலங்களும் அந்த நாலு மையால் வரவே வராது. கல்வெட்டுக்கு முக்கியம் தாளில் வருகிற நிறம்தான், ஏனென்றால் அதுதான் ஒவ்வொரு வீட்டிலும் சாமியறைப் பக்கம் கிடக்கப்போகிறது.

தாளோடு வீட்டுக்கு வந்தேன். சரியா பிழையா என்று எதை வைத்துச் சொல்வது? அம்மம்மாவின் முகம் இனி இல்லை. அப்போதுதான் அம்மா அலுமாரியைத் திறந்து அந்த அரக்குச் சீலையை எடுத்துக்கொண்டு வந்தா. முற்றத்தில் மாமர நிழலில் தாளையும் சீலையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். தாளில் சீலை கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. மண்டபத்து லைற் செய்த வேலை. கொம்பியூட்டரில் அதைத் திருத்தி, திரும்ப அச்சகத்துக்குப் போய், இன்னொரு தாள். இரண்டாவது தாளில் சீலை சீலையாக வந்தது.

படம் எடுக்கிறவர்கள் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் படத்துக்குள் வைத்து அதைக்கொண்டு நிறத்தைச் சரிபார்ப்பார்கள். எங்களுக்கு அம்மம்மாவின் சீலை அந்த அட்டையாக இருந்தது. சீலை சரியென்றால் அதே வெளிச்சத்தில் அதே படத்தில் இருக்கிற முகமும் ஏறத்தாழச் சரி. தாளில் அம்மம்மா கறுப்பாக இருந்தா. தோட்டத்து வெயிலில் நின்ற கறுப்பு, கன்ன எலும்பில் மட்டும் கொஞ்சம் செம்பு. திருநீறு பளிச்சென்று தெரிந்தது. வெளுக்கச் செய்த படத்தில் முகமும் திருநீறும் ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தன. அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

31ஆம் நாள் வந்த ஒரு பெரியம்மா கல்வெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளிச்சமாக்கிப் போட்டிருக்கலாமே" என்றா. அம்மா சொன்னா, "என்ர அம்மா கறுப்புத்தான் அக்கா. இனி ஏன் அவவை வெள்ளையாக்குவான்?"

இதை எழுதக் காரணமே அந்தக் கேள்விதான். எங்கட ஊரில் "வெளிச்சமாக்கு" என்ற சொல் வெளிச்சத்தைப் பற்றியது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குப் பேச்சுக்கால் தொடங்கினபோது படம் எடுக்கப் போன ஸ்ரூடியோ, ஒரு வார்த்தை கேட்காமலே அவளை வெளுக்கச் செய்து கையில் கொடுத்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறது" என்றார்கள். அவள் அந்தப் படத்தை அனுப்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் அந்தப் படத்தைத் தேடிக்கொண்டு வருவார்கள், வாசலில் நிற்பது நான் என்றாள்.

அளவு என்பதும் எப்போதும் நடுநிலையாக இருந்ததில்லை. 1950கள் தொடக்கம் கொடாக் நிறுவனம் படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோல் இருட்டுக் குவியலாக வந்தால் அது அட்டையின் கவலை இல்லை. பல நிறத்தவர்களும் இருக்கிற அட்டை வந்தது 1990களில்தான். 2021இல் பிக்சல் 6 போனோடு கூகுள் "றியல் ரோன்" என்று ஒன்றை அறிவித்தது. கறுத்த, மாநிறத் தோல்களைக் கமரா உள்ளபடி எடுக்கவேண்டும் என்பதற்கான வேலை அது. அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

ஆகவே நச்சுரல் போட்டால் உண்மை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கோப்பில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. கமராவோ அப்போ ஏற்கெனவே முகத்தை வெளுக்கப் பண்ணியிருந்தால், அந்தப் பொய்யையும் அது நேர்மையாகக் காட்டும். ஆனால் பொய் எங்கே நுழைந்தது என்று தேடத் தொடங்குவதற்கு முதல், பார்க்கிற கண்ணாடியையாவது துடைக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் "வடிவு" என்றால் அழகு. அதே சொல்லை வைத்துக்கொண்டு "வடிவாப் பார்" என்றால் கவனமாகப் பார், உள்ளபடி பார் என்று அர்த்தம். "வடிவாத் தெரியேல்ல" என்றால் அழகாகத் தெரியவில்லை என்று ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை. எங்கட ஆச்சிமார் இந்த இரண்டையும் ஒரே சொல்லில்தான் வைத்துப் புழங்கினார்கள். போன் கம்பனிகள் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தெரி என்கின்றன.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். நச்சுரலுக்கு மாற்றினால் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள், முதல் நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கிழமை கழித்து விவிட்டுக்குத் திரும்பிப் போனால், இலையெல்லாம் பிளாஸ்ரிக் மாதிரித் தெரியும். இரவில் திரையை மஞ்சளாக்குகிற கண்பாதுகாப்புத் தெரிவு போட்டிருந்தால், நிறம் பார்க்கும்போது அதை நிறுத்துங்கள். அது போட்டிருக்கும்வரை மற்றதெல்லாம் வீண். போஸ்டர் வடிவமைக்கிறவர்கள், படம் திருத்துகிறவர்கள் கட்டாயம் நச்சுரலில் வையுங்கள். விவிட்டில் வைத்துத் திருத்தினால், இல்லாத நிறத்தைப் பார்த்து "கூடிப்போச்சு" என்று குறைப்பீர்கள். அடுத்தவருடைய திரையில் அது செத்துப்போய்க் கிடக்கும். அச்சுக்குப் போகிறதென்றால் ஒரு மாதிரித் தாள் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க நிறம் தெரிந்த பொருள் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சீலை போதும்.

படம் பார்க்கிற நேரம் விவிட்டுக்குப் போவதென்றால் போங்கள், இரண்டு தட்டலில் மாற்றிவிடலாம். ஆனால் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து, "கறுத்துக் கிடக்கு, கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்று எழுதப் போகிறீர்கள் என்றால், அதற்கு முதல் செட்டிங்ஸுக்குள் ஒருக்கால் போய்வாருங்கள். பிறகும் கறுப்பாகத்தான் தெரிகிறதா? அப்படியென்றால் அந்த ஆள் கறுப்பு. திருத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை.